கேபினெட்டை மாற்றும் முன் முகப்பைக் கழற்றிப் பாருங்கள்

கேள்வி: ஏசி இல்லாத அறையில் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறேன். ஐ5-12400எஃப் பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு. கேபினெட்டின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, அதற்குப் பின்னால் மூன்று ஆர்ஜிபி ஃபேன். மே மாதத்தில் அரை மணி நேரம் கேம் ஆடினாலே கிராபிக்ஸ் கார்டு 84 டிகிரிக்குப் போய்விடுகிறது, சத்தமும் தாங்கவில்லை. ஆறு ஃபேன் வரும் புதிய கேபினெட் ஒன்றைக் கடையில் காட்டினார்கள். வாங்கலாமா?

பதில்: 84 என்ற எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அதிலிருந்து அறை வெப்பத்தைக் கழித்துப் பார்க்க வேண்டும். இணையத்தில் வரும் சோதனைகள் பெரும்பாலும் 21, 22 டிகிரி அறையில் செய்யப்படுபவை. உங்கள் அறை மதியத்தில் 34 டிகிரி என்றால் வித்தியாசம் 50. இதே கார்டு 22 டிகிரி அறையில் 72-ஐ ஒட்டி நின்றிருக்கும், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் கேபினெட்டுக்குள் வரும் காற்று 34 டிகிரிக்குக் கீழே இறங்காது. கார்டு உறிஞ்சும் காற்றை அந்த 34-க்கு எவ்வளவு அருகில் வைத்திருக்கிறது என்பதுதான் நல்ல கேபினெட்டுக்கும் மோசமான கேபினெட்டுக்கும் உள்ள வேறுபாடு.

அதனால் பணம் செலவழிக்கும் முன் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி இந்தச் சோதனையைச் செய்யுங்கள். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு, வழக்கமாக ஆடும் கேமை 30 நிமிடம் ஓடவிடுங்கள். கிராபிக்ஸ் கார்டின் வெப்பம், அதன் ஃபேன் வேகம், பிராசஸர் வெப்பம், அறை வெப்பம் நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து கேபினெட்டின் முகப்புப் பலகையை மட்டும் கழற்றுங்கள். பெரும்பாலான மாடல்களில் அடியில் கைவிட்டு இழுத்தால் வந்துவிடும். விளக்குக்கோ பட்டனுக்கோ போகும் ஒயர் இருக்கிறதா என்று பார்த்து மெதுவாக இழுங்கள். அதே கேம், இன்னொரு 30 நிமிடம். கார்டு 5 டிகிரியோ அதற்கு மேலோ இறங்கினால் குற்றவாளி முகப்புதான். வெப்பம் அப்படியே இருந்து ஃபேன் வேகம் மட்டும் நன்றாகக் குறைந்தாலும் அதே அர்த்தம்தான், ஏனென்றால் கார்டு தன் வெப்பத்தை ஒரு வரம்புக்குள் வைத்திருக்க ஃபேனைத்தான் கூட்டிக் குறைக்கும். 1, 2 டிகிரிதான் மாறியது என்றால் கேபினெட் மாற்றுவதில் பயன் இல்லை. கார்டின் ஹீட்சிங்கில் (வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் தகடுகளில்) தூசி அடைத்திருக்கலாம், சிப்புக்கும் அதற்கும் நடுவே பூசும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம், அல்லது அறையே அவ்வளவு சூடு.

முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி என்பதால், உங்கள் விஷயத்தில் முதல் முடிவே வரும் என்று எதிர்பார்க்கிறோம். காரணத்தைக் கணக்காகவே சொல்லலாம். ஆர்டிஎக்ஸ் 3060 முழு வேலையில் 170 வாட் எடுக்கும். கேம் ஆடும்போது 12400எஃப் சுமார் 70 வாட், மதர்போர்டு, ராம், எஸ்எஸ்டி எல்லாம் சேர்த்து ஒரு 40. மொத்தம் 280 வாட்டும் வெப்பமாகத்தான் வெளியேற வேண்டும். வாட்டை 1.76-ஆல் பெருக்கி, நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று போகிறதோ அதால் வகுத்தால், உள்ளே வரும் காற்றைவிட வெளியேறும் காற்று எத்தனை டிகிரி சூடு என்பது தெரியும். நிமிடத்துக்கு 100 கன அடி போனால் 5 டிகிரி. 50 என்றால் 10 டிகிரி. 25 என்றால் கிட்டத்தட்ட 20 டிகிரி. அப்போது உங்கள் கார்டு 34 டிகிரிக் காற்றுக்குப் பதிலாக 45, 50 டிகிரிக் காற்றைச் சுவாசித்துக்கொண்டிருக்கிறது.

120 மிமீ ஃபேன் பெட்டியில் 50, 60 கன அடி என்று அச்சிட்டிருப்பார்கள். அது முன்னும் பின்னும் எந்தத் தடையும் இல்லாமல், முழு வேகத்தில் அளந்த எண். கண்ணாடிக்குப் பின்னால் வைத்து ஓரத்திலுள்ள மெல்லிய இடுக்கு வழியாக மட்டும் காற்றை இழுக்கச் சொன்னால் அதில் ஒரு பங்குதான் கிடைக்கும். ஃபேன் சுற்றும், விளக்கு எரியும், காற்று வராது. ஆறு ஃபேன் கேபினெட்டைக் காட்டினார்கள் என்கிறீர்களே, அதன் முகப்பும் மூடியிருந்தால் ஃபேன் எண்ணிக்கை உங்களைக் காப்பாற்றாது. திறந்த மெஷ் (வலை) முகப்பில் முன்னால் மூன்றும் பின்னால் ஒன்றும் உங்கள் 280 வாட்டுக்குப் போதும். அதற்கு மேல் போடும் ஒவ்வொரு ஃபேனும் ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் தருவது அரிது.

ஒரே உடலில் இரண்டு முகப்பு போட்டு விற்கப்பட்ட மாடல்களும் உண்டு. கோர்சேர் 4000டி, 2020-இல் மூடிய முகப்போடு ஒரு வடிவமும் துளைகள் கொண்ட முகப்போடு '4000டி ஏர்ஃப்ளோ' என்று இன்னொரு வடிவமுமாக வந்தது. என்இசட்எக்ஸ்டி எச்510-இன் மூடிய முகப்பைத் துளைகள் கொண்டதாக மாற்றி 'எச்510 ஃப்ளோ' என்று பின்னர் வெளியிட்டார்கள். கடையில் பில் போடும்போது பெயரின் கடைசி வார்த்தை சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அதைத் தவறவிட்டால் நீங்கள் தேடிய கேபினெட்டே கைக்கு வராது.

மெஷ் என்று எழுதியிருப்பதெல்லாம் மெஷ் இல்லை. கடையிலேயே முகப்பைக் கழற்றச் சொல்லி, பின்னாலிருந்து மொபைல் டார்ச்சை அடியுங்கள். வெளிச்சம் பரவலாக வெளியே வந்தால் நல்லது. நடுவில் பிளாஸ்டிக் பலகை இருந்து இரண்டு ஓரங்களில் மட்டும் வலை போட்டிருந்தால் தவிர்த்துவிடுங்கள். சிலவற்றில் நெருக்கமான மெஷ்ஷுக்குப் பின்னால் நைலான் ஃபில்டர், அதற்குப் பின்னால் தகட்டுத் துளைகள் என மூன்று அடுக்கு இருக்கும். மெஷ்ஷே தூசியைத் தடுக்கும் அளவுக்கு நெருக்கமாக இருந்தால் நடுவிலுள்ள ஃபில்டரை எடுத்துவிடலாம். பக்கவாட்டுக் கண்ணாடியைப் பற்றிக் கவலை வேண்டாம். அது காற்றின் பாதையில் இல்லை.

இப்போது பரவலாக விற்கும் இன்னொரு வகை, முன்னும் பக்கமும் கண்ணாடியாக மீன்தொட்டி போலத் தெரியும் கேபினெட். லியான் லி ஓ11 டைனமிக் இந்த வடிவத்தைப் பிரபலமாக்கியது. இதை மோசம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் இதில் காற்று கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் வர வேண்டும். அடியில் இரண்டு மூன்று ஃபேனை மேல்நோக்கி ஊதும்படி வைத்தால் கிராபிக்ஸ் கார்டு மிக நன்றாகக் குளிரும். அடித்தளத்தைக் காலியாக விட்டால் திணறும். அந்த ஃபேன்களுக்குத் தனியாகப் பணம் ஆகும், தரைத் தூசியும் நேராக உள்ளே வரும். ஏசி இல்லாத அறைக்கும் சராசரி பட்ஜெட்டுக்கும் மெஷ் முகப்புதான் எங்கள் தேர்வு.

ஃபேன்களை வைக்கும் முறையில் நடக்கும் தவறுகளே அதிகம். ஃபேனின் பின்பக்கத்தில், மோட்டாரைத் தாங்கும் குறுக்குக் கால்கள் இருக்கும் பக்கமாகத்தான் காற்று வெளியேறும். முன்னாலுள்ளவை உள்ளே இழுக்க வேண்டும், பின்னாலுள்ளது வெளியே தள்ள வேண்டும். மேலே வைக்க விரும்பினால் பின்மூலையில் ஒன்று மட்டும் வெளியே தள்ளும்படி வையுங்கள். மேலே முன்பகுதியில் வெளியேற்றும் ஃபேன் வைத்தால், முன்னால் இழுத்த குளிர்ந்த காற்று பிராசஸர் கூலரை எட்டும் முன்பே வெளியே போய்விடும். முன்னாலுள்ள மூன்றில் கீழிரண்டுதான் கிராபிக்ஸ் கார்டுக்குக் காற்று கொடுப்பவை. அவற்றின் எதிரே ஹார்டு டிஸ்க் கூண்டு இருந்து அதைப் பயன்படுத்தவில்லை என்றால் திருகுகளைக் கழற்றி வெளியே எடுத்துவிடுங்கள்.

மலிவான கேபினெட்டுகளோடு வரும் ஃபேன்கள் பலவற்றில் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) நேராக மின்சாரம் எடுக்கும் பெரிய நான்கு முனை மோலெக்ஸ் இணைப்புதான் இருக்கும். அவற்றின் வேகத்தை மதர்போர்டால் மாற்ற முடியாது; ஒரே வேகத்தில் எப்போதும் இரையும். மதர்போர்டால் வேகத்தை மாற்ற முடிகிற சிறிய நான்கு முனை பிடபிள்யூஎம் இணைப்பு உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். மதர்போர்டின் ஒரு ஃபேன் இணைப்பு வழக்கமாக 1 ஆம்பியர் தாங்கும். சாதாரண ஃபேன் ஒன்று 0.1 முதல் 0.3 ஆம்பியர் எடுப்பதால் ஸ்ப்ளிட்டர் போட்டு மூன்றை இணைக்கலாம். இன்னொரு சிக்கலும் உண்டு. மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயோஸ் பெரும்பாலும் கேபினெட் ஃபேனைப் பிராசஸர் வெப்பத்தைப் பார்த்தே ஓட்டும். கேமில் அதிக வெப்பம் தருவது கிராபிக்ஸ் கார்டு என்பது அதற்குத் தெரியாது. ஃபேன்கண்ட்ரோல் என்ற இலவச மென்பொருளில் கேபினெட் ஃபேன்களைக் கார்டின் வெப்பத்தோடு இணைத்துவிட்டால், சத்தமும் வெப்பமும் சேர்ந்தே குறைவதைப் பார்க்கலாம்.

அளவுகளை அட்டைப்பெட்டி விவரத்தில் சரிபாருங்கள். டவர் வகைப் பிராசஸர் கூலர்கள் பெரும்பாலும் 155 முதல் 165 மிமீ உயரம். கேபினெட் அனுமதிக்கும் உயரம் 160 என்று இருந்தால் பெரிய கூலர் வாங்கும் எண்ணத்தை விட்டுவிட வேண்டும். 4000டி ஏர்ஃப்ளோவில் 170 மிமீ கூலரும் 360 மிமீ நீளக் கார்டும் நுழையும். முன்னால் லிக்விட் கூலர் ரேடியேட்டர் வைத்தால் அந்த நீளத்தில் 50 மிமீக்கு மேல் போய்விடும்: ரேடியேட்டர் 27, ஃபேன் 25. 12400எஃப்-க்கு லிக்விட் கூலர் தேவையே இல்லை. 140 மிமீ ஃபேனுக்கு முன்னால் இடம் இருந்தால் அது கூடுதல் நன்மை, ஏனென்றால் அதே காற்றைக் குறைந்த வேகத்தில், குறைந்த சத்தத்தில் தரும். லியான் லி லான்கூல் 216 போன்றவற்றில் முன்னால் 160 மிமீ ஃபேன் இரண்டு சேர்த்தே வருகின்றன. தனியாக வாங்கும் செலவு இல்லை.

கேபினெட் எங்கே நிற்கிறது என்பதை நீங்கள் எழுதவில்லை. கம்ப்யூட்டர் டேபிளின் கீழே, மூன்று பக்கமும் பலகை அடைத்த அறைக்குள் வைத்திருந்தால் உடனே வெளியே எடுங்கள். பின்னால் தள்ளிய சூடான காற்றே சுற்றி வந்து முன்னால் மீண்டும் நுழையும்; அந்த இடத்தில் எந்த மாடலும் தோற்கும். பின்சுவரிலிருந்து 15 செ.மீ. இடைவெளி விடுங்கள். எஸ்எம்பிஎஸ் அடியிலிருந்து காற்று எடுப்பதால் கேபினெட் கால்கள் 2 செ.மீ. உயரமாவது இருக்க வேண்டும், மிதியடி மேல் வைக்கக் கூடாது. பக்கப் பலகையைக் கழற்றி டேபிள் ஃபேனைத் திருப்பி வைப்பதைப் பலர் செய்கிறார்கள். வெப்பம் குறையும், ஆனால் சில வாரங்களில் ஹீட்சிங்க் முழுக்கத் தூசி படியும். நம் வீடுகளில் பல்லியும் எறும்பும் உள்ளே போய் ஷார்ட் ஆகும் அபாயமும் உண்டு.

தூசியைக் குறைக்க, உள்ளே இழுக்கும் காற்று வெளியேற்றுவதைவிடச் சற்று அதிகமாக இருக்கட்டும். பின்பக்கம் கார்டுக்குக் கீழுள்ள காலி இடுக்குகளில் மெல்லிய டிஷ்யூ துண்டைப் பிடியுங்கள். வெளிப்பக்கம் தள்ளப்பட்டால் சரி. உள்ளே ஒட்டிக்கொண்டால் ஃபில்டர் இல்லாத இடுக்கு வழியாகத் தூசி நுழைகிறது, முன்ஃபேன் வேகத்தைக் கூட்டுங்கள். கோடையில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழுவி நன்றாக உலர்த்திப் போடுங்கள். எஸ்எம்பிஎஸ் ஃபில்டர் முன்பக்கமாக உருவிக்கொள்ளும்படி இருந்தால் இந்த வேலை நடக்கும். பின்னால் உருவ வேண்டிய மாடல் என்றால் கேபினெட்டையே நகர்த்த வேண்டியிருக்கும், நாளாக ஆக யாரும் செய்ய மாட்டார்கள். புளோயரால் ஊதும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் அது கட்டுமீறிச் சுழன்றால் பேரிங் கெடும்.

சோதனையில் முகப்புதான் காரணம் என்று தெரிந்து, இப்போதைக்குப் புதியது வாங்க முடியாவிட்டால், கண்ணாடி முகப்பைக் கழற்றிய நிலையிலேயே விட்டு, ஃபேன்களுக்கு முன்னால் காந்த ஓரம் வைத்த 120 மிமீ டஸ்ட் ஃபில்டர் மூன்றை ஒட்டிவிடுங்கள். பவர் பட்டன் முகப்பிலேயே இருக்கும் மாடல் என்றால் மட்டும் இது சரிப்படாது.