விஞ்ஞானி ஏன் டன் கணக்கு சொல்வதில்லை?

ஐயா, வணக்கம். மீன்பிடித் தடைக்காலம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அமெரிக்காவில் ‘இந்த வருஷம் இந்த மீன் இத்தனை டன்தான்’ என்று விஞ்ஞானிகளே சொல்லிவிடுகிறார்களாமே? நம்மூரில் 61 நாள் படகைக் கட்டிப்போடுவதோடு சரி. இங்கே எண் சொல்லப் பயமா?
— ஒரு வாசகர், சோனங்குப்பம், கடலூர்

அன்புள்ள நண்பருக்கு,

பயமெல்லாம் இல்லை. இங்கே சட்டம் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

அங்கே 2006இல் மீன்வளச் சட்டத்தைத் திருத்தினார்கள். மேலாண்மைக் குழுக்கள் பிடிப்புக்கு ஆண்டு உச்சவரம்பு வைத்தாக வேண்டும். அது அவர்களுடைய அறிவியல் குழு சொன்ன அளவைத் தாண்டக் கூடாது. அப்புறம் விஞ்ஞானி ‘கொஞ்சம் குறைத்தால் நல்லது’ என்று மழுப்ப முடியுமா? அதற்கு முன்பே 2000இல் ஒரு வழக்கு நடந்தது. ஒரு தட்டைமீனுக்கு அரசு வைத்த பிடிப்பு ஒதுக்கீட்டால், அளவுக்கு மீறிப் பிடிப்பதைத் தடுக்கும் இலக்கை எட்ட 18 சதவீத வாய்ப்புதான் இருந்தது. குறைந்தது 50 வேண்டும் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். (தீர்ப்பில் காமிக்ஸ் உலகத்தை இழுத்துக் கிண்டல் வேறு!) அந்த 50 கடலை ஆராய்ந்து வந்த எண் அல்ல, சட்டத்தைப் படித்து வந்தது. ஆனாலும் விஞ்ஞானிகள் அதை வைத்துத்தான் கணக்குப் போட்டாக வேண்டும்.

நம்முடைய 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கேட்பது வேறு: எந்தப் படகு, கரையிலிருந்து எத்தனை மைல், எந்த வலை, எந்த நாட்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் மீன் இருப்பைக் கணக்கிடாமல் இல்லை. ஆனால் அந்த எண்ணுக்கு யாரும் கட்டுப்பட வேண்டியதில்லை. அதனால் வலைக்கண் அளவு, பிடிக்கத்தக்க குறைந்தபட்ச நீளம் போன்ற ஆலோசனைகளுக்கே இங்கே வேலை. மீன் கூட்டத்தையே வளைத்துச் சுருக்கிப் பிடிக்கும் சுருக்குமடி வலை விஷயத்தையே பாருங்கள். 2023இல் உச்ச நீதிமன்றம் இடைக்காலமாக அனுமதித்தபோதும் 12 கடல் மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன், காலை 8 முதல் மாலை 6 வரை என்றது. எவ்வளவு பிடிக்கலாம் என்ற பேச்சே அதில் இல்லை.

அதற்காக அமெரிக்க முறையை அப்படியே கொண்டுவரச் சொல்ல மாட்டேன். கடலூர் துறைமுகத்தில் இழுவலை மடியை அவிழ்த்துக் கொட்டினால் காரப்பொடி, கிழங்கான், வாளை, கணவாய், இறால் எல்லாம் ஒரே குவியலாக விழும். இதில் வாளைக்கு மட்டும் வரம்பு முடிந்துவிட்டால் வலை போட்டவர் என்ன செய்வார்? ஆனால் தடை போக மீதி 304 நாளில் எவ்வளவு பிடிக்கலாம் என்று மொத்தமாகவாவது சட்டம் கேட்கலாம். கேட்டால், முதலில் தேவனாம்பட்டினம், தாழங்குடா என்று ஒவ்வொரு கரையிலும் எடை போட ஆள் நிறுத்த வேண்டியிருக்கும்.