மீட்டர் பொய் சொல்லவில்லை, தேதி சொல்கிறது

கேள்வி: ஐயா, என் கணவர் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், வருமானம் கிடையாது. வழக்கமாக 1,500 ரூபாய்க்குள் வரும் மின் பில் இந்தத் தடவை 2,611 ரூபாய். அரசு தந்த தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாயில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதற்கே போய்விட்டது. அலுவலகத்தில் கேட்டால், “மீட்டர் பொய் சொல்லாதும்மா” என்கிறார்கள். அப்படியானால் பொய் சொல்வது யார்?
– ஒரு வாசகி, பாம்பன்

பதில்: கணக்கீட்டு அட்டையையும் படமெடுத்து அனுப்பினீர்களே, அதுதான் புத்திசாலித்தனம், தாயே. முப்பது வருடம் அந்த அட்டையில் எழுதிய கை இது. மீட்டர் பொய் சொல்லவில்லை. தேதியைப் பாருங்கள். முந்தைய கணக்கு ஏப்ரல் 6. அடுத்தது ஜூன் 5-இல் எடுத்திருக்க வேண்டும். எடுத்தது ஜூன் 16. தடை முடிந்து படகுகளே கடலுக்குப் போய்விட்டன. கணக்கெடுப்பவர் அதற்குப் பிறகுதான் உங்கள் தெருவுக்கு வந்திருக்கிறார். 60 நாள் கணக்கு 71 நாளாகிவிட்டது.

71 நாளுக்கு 568 யூனிட், நாளொன்றுக்கு 8. ஜூன் 5-ஆம் தேதியே வந்திருந்தால் 480 யூனிட்தான் காட்டியிருக்கும். 2024 ஜூலையில் உயர்ந்த கட்டணப்படி அதற்கு 1,679 ரூபாய். முதல் 100 இலவசம்; 500-ஐத் தாண்டாதவரை அடுத்த 100 யூனிட் 2 ரூபாய் 35 காசு, 400 வரை 4.70, அதற்கு மேல் 6.30. ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனால், அந்த 2.35 என்ற சலுகை விலையே காணாமல் போய் அதுவும் 4.70 ஆகிவிடும். 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய். 501-க்கு 2,048 ரூபாய் 40 காசு. அந்த ஒற்றை யூனிட்டின் விலை 243 ரூபாய்! வஞ்சிர மீன் கூட இவ்வளவு துள்ளாது.

நியாயமாக ஒன்று சொல்லவேண்டும். உங்களுக்கு 932 ரூபாய் நட்டம் என்று நினைக்காதீர்கள். அடுத்த கணக்கை உரிய நாளான ஆகஸ்ட் 4-இல் எடுத்தால், அது 49 நாளுக்குத்தான்; இதே செலவானால் 392 யூனிட், 1,137 ரூபாய் 40 காசு. இரண்டையும் கூட்டிப் பார்த்தால் உண்மையான நட்டம் 390 ரூபாய் 60 காசு. அதுவும் உங்கள் பிழையால் வந்ததல்ல. ஆகஸ்டிலும் பிந்தினால் நட்டம் ஏறும். வருடத்துக்கு ஆறு கணக்கு என்றால்தான் 600 இலவச யூனிட். தேதி தள்ளித் தள்ளிப் போனால் ஒரு நூறு எங்கோ கரைந்துவிடும்.

ஆள் பற்றாக்குறை என்பார்கள். அது உண்மைதான், நானே ஒரு ஐப்பசி மழையில் எட்டு நாள் பிந்திப் போய், ஒரு கிழவியின் அட்டையில் 507 என்று எழுதியிருக்கிறேன். அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

முதலில் பில்லைக் கட்டிவிடுங்கள். கோபத்தில் விட்டால் பியூஸ் கேரியரைப் பிடுங்குவார்கள், மறுஇணைப்புக்கும் பணம் கேட்பார்கள். பிறகு, உதவிப் பொறியாளருக்கு மனு: இரண்டு தேதிகளையும் எழுதி, 60 நாளுக்கு உரிய யூனிட்டைப் பிரித்துக் கணக்கிடக் கேளுங்கள். நகலில் முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். அசையவில்லை என்றால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம், 94987 94987. அதற்கும் மேல் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம். ஆகஸ்ட் 4 அன்று காலையில் மீட்டரைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. உப்புக்காற்று அடிக்கும் வீடு. எல்லா விளக்கையும் விசிறியையும் நிறுத்தி, ஃபிரிட்ஜ் உட்பட எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, மெயினை மட்டும் போட்டு வைத்துப் பாருங்கள். மீட்டரின் சிவப்பு விளக்கு அப்போதும் சிமிட்டினால், உப்பேறிய வயரிங்கில் எங்கோ மின்சாரம் கசிகிறது, வயர்மேனைக் கூப்பிடுங்கள். மெயினை அணைத்த பிறகும் சிமிட்டினால் அது மீட்டரின் சங்கதி. அதையும் மனுவிலேயே எழுதுங்கள்.

கேள்வி: மூன்று மாதம் துபாயில் மகன் வீட்டில் இருந்தோம். பூட்டிய வீட்டுக்கு எப்படிப் பில் வந்தது?
– கீழக்கரை வாசகர்

பதில்: கதவு பூட்டியிருந்தால் முந்தைய கணக்கை வைத்துத் தற்காலிகமாக ஒரு தொகை போடுவார்கள், அடுத்து மீட்டரைப் பார்த்ததும் சரிக்கட்டுவார்கள். அந்தக் கழிவு அட்டையில் ஏறியதா என்று நீங்கள்தான் பார்க்கவேண்டும். அடுத்த தடவை மீட்டரைச் சுற்றுச்சுவருக்கு வெளிப்பக்கம் மாற்றித்தரச் சொல்லி விண்ணப்பம் கொடுத்துவிட்டுப் பயணம் போங்கள்.