அமெரிக்க பேட்டன்ட் நோட்டீஸ் நாகர்கோவிலுக்கு வந்தால்?

கேள்வி: நாகர்கோவிலில் சின்ன மென்பொருள் நிறுவனம் நடத்துகிறோம். குளச்சல், முட்டம் படகுக்காரர்களுக்கு மீன் ஏலக் கணக்கு ஆப் செய்து கொடுத்திருக்கிறோம். சிக்னல் இல்லாவிட்டாலும் பதிவாகும். கிடைத்ததும் சர்வருக்குப் போகும். இது தங்கள் பேட்டன்டை மீறுகிறது, 21 நாளில் லைசென்ஸ் தொகை கட்டுங்கள் என்று அமெரிக்க நிறுவனம் ஒன்றின் வக்கீல் மெயில் அனுப்பியிருக்கிறார். என்ன செய்ய?

பதில்: உடனே பணம் கட்ட வேண்டாம், மெயிலைக் கண்டுகொள்ளாமலும் இருக்க வேண்டாம். பேட்டன்ட் எண்ணின் முன்னால் யூஎஸ் என்று இருந்தால், அந்த உரிமை அமெரிக்காவுக்குள் மட்டுமே செல்லும். குளச்சலில் நடக்கும் ஏலத்தை அது கட்டுப்படுத்தாது. ஆனால் பிளே ஸ்டோரில் எல்லா நாடுகளையும் டிக் செய்து விட்டிருக்கிறீர்களா? அங்கே வாடிக்கையாளர் இல்லையென்றால் அமெரிக்காவை எடுத்துவிடுங்கள். சர்வர் அமெரிக்காவில் இருந்தால் மும்பைக்கு மாற்றுவது நல்லது. வேலை அமெரிக்க மண்ணில் நடக்கிறது என்று வாதிட இடம் கொடுக்கக் கூடாது.

அடுத்து, இதே கண்டுபிடிப்புக்கு இந்தியாவில் பேட்டன்ட் உண்டா? இந்தியப் பேட்டன்ட் அலுவலகத்தின் இன்பாஸ் தளத்தில் நிறுவனப் பெயரைப் போட்டுத் தேடுங்கள், இலவசம்தான். வெளிநாட்டு நிறுவனங்கள் பெரும்பாலும் பிசிடி வழியில், அதாவது ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளில் பேட்டன்ட் கேட்க உதவும் சர்வதேச ஒப்பந்தத்தின் வழியில் வரும். முதல் விண்ணப்பத் தேதியிலிருந்து 31 மாதத்துக்குள் இங்கே நுழைய வேண்டும். வெறும் விண்ணப்பமாக இருந்தால் இப்போது வழக்குப் போட முடியாது. இந்தியப் பேட்டன்ட் சட்டத்தின் 25(1) பிரிவில் நீங்களே எதிர்ப்புத் தாக்கல் செய்யலாம். பேட்டன்டே கிடைத்திருந்தாலும் புதுப்பிப்புக் கட்டணம் கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். கணினி நிரல் மட்டுமே என்றால் பேட்டன்ட் கொடுக்க அதே சட்டத்தின் 3(கே) பிரிவு தடை. ஆனால் தொழில்நுட்ப விளைவு இருந்தால் வழி உண்டு என்று 2019-இல் டெல்லி உயர்நீதிமன்றம் ஃபெரித் அல்லானி வழக்கில் சொல்லிவிட்டது. அதனால் 3(கே)-யை மட்டும் நம்பி உட்கார வேண்டாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம் கிளெய்ம், அதாவது எதற்கு உரிமை கோருகிறோம் என்று பேட்டன்டில் எண் போட்டு எழுதியிருக்கும் வரிகள். தலைப்பையும் சுருக்கத்தையும் படித்துப் பயப்படுகிறவர்கள்தான் அதிகம். மீறலைத் தீர்மானிப்பது கிளெய்ம்தான். முதல் கிளெய்மைக் கூறு கூறாகப் பிரித்து, பக்கத்தில் உங்கள் ஆப் அதைச் செய்கிறதா என்று எழுதுங்கள். போனில் சேமிப்பது, சிக்னல் வந்ததும் அனுப்புவது, இரண்டு பதிவு மோதினால் நேரத்தைப் பார்த்துத் தானாகத் தீர்ப்பது என்று மூன்று கூறுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். உங்கள் ஆப் மூன்றாவதைக் கணக்குப்பிள்ளையிடமே கேட்டு முடிக்கிறது என்றால், அந்தக் கிளெய்ம் உங்கள்மேல் நிற்பது கடினம். ஒரு கூறு விடுபட்டாலும் போதும். எல்லாமே பொருந்தினால், அவர்களுடைய முதல் விண்ணப்பத் தேதிக்கு முன்பே வெளிவந்த அதே மாதிரி மென்பொருளையோ கட்டுரையையோ தேடுங்கள். பேட்டன்டையே செல்லாததாக்க அது உதவும்.

பதில் மெயில் நாலு வரி போதும். மேலே 'வித்தவுட் பிரிஜுடிஸ்' (எங்கள் உரிமையை விட்டுக்கொடுக்காமல்) என்று போட்டு, பேட்டன்ட் எண், நாடு, எந்தக் கிளெய்ம், ஒப்பீட்டு அட்டவணை ஆகியவற்றைக் கேளுங்கள். "மாற்றிவிடுகிறோம்" என்று எழுதினால் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள். அனுப்புமுன் பேட்டன்ட் ஏஜென்டிடமோ வக்கீலிடமோ காட்டுங்கள். பழைய சோர்ஸ் கோடையும், அதில் செய்த மாற்றங்களைக் காட்டும் கிட் பதிவுகளையும் அழிக்காதீர்கள். ஆதாரமில்லாமல் வழக்கு மிரட்டல் தொடர்ந்தால் 106-ஆம் பிரிவில் நீங்களே நீதிமன்றம் போகலாம். பேட்டன்ட் இருப்பதை வெறுமனே தெரிவிப்பது மட்டும் மிரட்டல் ஆகாது.

கடைசியில் லைசென்ஸ்தான் வழி என்றால், இதுவரை விற்றதற்கும் உங்கள் வாடிக்கையாளர்களுக்கும் சேர்த்து, வழக்குப் போட மாட்டோம் என்று விடுவிப்பு எழுதி வாங்குங்கள். வெளிநாட்டுக்கு ராயல்டி அனுப்பும்போது டிடிஎஸ் பிடிக்க வேண்டும். அந்த வரியை யார் ஏற்பது என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.