தார்ப்பாய் கட்டிய மாடி

கேள்வி: ஒத்தக்கடை பக்கம் எங்கள் ஊர். கணவர் 17 வருடம் ராணுவத்தில் இருந்து நாயக்காக ஓய்வு பெற்று வந்து இரண்டு வருடம் ஆகிறது. 2018, 2019-இல் ஜம்மு-காஷ்மீரில் ரஜௌரி பக்கம் பாகிஸ்தான் எல்லைப் போஸ்டில் டூட்டி. வந்ததும் மொட்டை மாடியில் யானைமலை தெரிகிற பக்கம் முழுக்க நீலத் தார்ப்பாய் கட்டிவிட்டார். துணி காயப்போட நான் மேலே போனாலும் திட்டுகிறார். ராத்திரியில் வாசல் லைட் போடக்கூடாது. மகள் செல்போன் டார்ச் அடித்தபோது கையைத் தட்டிவிட்டார். ஆனால் தீபாவளி வெடிக்கு அவர் அசையவே இல்லை. மாமியார் பாண்டி கோயிலுக்குக் கூட்டிப்போகச் சொல்கிறார். தை மாதம் மகளுக்குக் காதுகுத்து, மாடியில்தான் பந்தல். தார்ப்பாயை நானே கழற்றிவிடலாமா? மகள் கேட்டால் என்ன சொல்வது?

பதில்: கழற்றாதீர்கள், சகோதரி. அந்தத் தார்ப்பாய் எதற்கு என்று முதலில் பார்ப்போம்.

1992 ஏப்ரலில் இருந்து 1996 பிப்ரவரி வரை போஸ்னியாவின் சாரயேவோ நகரம் முற்றுகையில் கிடந்தது. சுற்றிலும் மலை, பள்ளத்தில் ஊர். மலையில் இருந்தும் உயரமான கட்டடங்களில் இருந்தும் ஸ்னைப்பர்கள், அதாவது தூரத்தில் மறைந்திருந்து குறிபார்த்துச் சுடுகிறவர்கள், தெருவில் நடமாடுகிறவர்களைச் சுட்டார்கள். தெரு முனைகளில் ‘எச்சரிக்கை, ஸ்னைப்பர்’ என்று பலகை வைத்திருந்தார்கள். ஜனங்கள் கடக்கும் இடங்களில் கன்டெய்னர் பெட்டிகளை நிறுத்தினார்கள், கயிறு கட்டிப் போர்வைகளையும் தொங்கவிட்டார்கள். போர்வை தோட்டாவைத் தடுக்காது. சுடுகிறவன் கண்ணைத் தடுக்கும். 2002 அக்டோபரில் அமெரிக்காவின் வாஷிங்டன் பக்கம் இரண்டு பேர் காருக்குள் மறைந்திருந்து மூன்று வாரத்தில் 10 பேரைச் சுட்டுக் கொன்றபோது, பெட்ரோல் பங்க்காரர்கள் கட்டியதும் தார்ப்பாய்தான். அங்கே பெட்ரோல் போட வந்தவர்கள் போர்முனையையே பார்க்காத சாதாரண ஜனம். உங்கள் கணவர் செய்திருப்பதும் அதே காரியம். அவருக்கு யானைமலை என்பது நரசிங்கப் பெருமாள் இருக்கிற மலை இல்லை, வீட்டைப் பார்த்தபடி நிற்கிற ஒரு மேடு.

வெடிக்குப் பயப்படாதவர் டார்ச்சுக்கு ஏன் பதறுகிறார் என்பது நல்ல கேள்வி. ஸ்னைப்பர் பயம் சத்தத்தைப் பற்றியதே இல்லை. அந்தத் தோட்டா ஒலியைவிட வேகமாக வரும். 800 மீட்டரில் இருந்து சுட்டால் துப்பாக்கிச் சத்தம் வந்துசேர 2 விநாடிக்கு மேல் ஆகும், தோட்டா அதற்குள் வேலையை முடித்திருக்கும். அதனால் அந்த இடத்தில் இருந்தவர்களுக்குச் சத்தம் கேட்டால் நிம்மதி, அமைதிதான் ஆபத்து. அப்புறம் வெளிச்சம். முதல் உலகப் போரில் ஒரே தீக்குச்சியில் மூன்று பேர் சிகரெட் பற்றவைக்கக் கூடாது என்பார்கள். முதல் ஆளுக்குப் பற்றும்போது எதிரி பார்ப்பான், இரண்டாவதுக்குக் குறிவைப்பான், மூன்றாவதுக்குச் சுடுவான். மகள் கையைத் தட்டிவிட்டது இந்தக் கணக்கில்தான். கோபம் மாதிரி வெளியே வந்தாலும், அது பிள்ளையைக் காப்பாற்றப் பார்த்த கை.

ஷெல், அதாவது பீரங்கிக் குண்டு அடித்தால் அதற்கு ஒரு தொடக்கம் உண்டு, ஒரு முடிவும் உண்டு. ஓய்ந்ததும் டீ போடலாம். ஸ்னைப்பர் ஓய்ந்துவிட்டான் என்று யார் சொல்வது? நாலு நாள் எதுவும் நடக்கவில்லை என்றால் அவன் போய்விட்டான் என்றும் இருக்கலாம், காத்திருக்கிறான் என்றும் இருக்கலாம். மார்ட்டின் செலிக்மன் என்ற உளவியலாளர் இதை நன்றாக விளக்கினார்: ஆபத்து வருமுன் ஓர் அறிகுறி இருந்தால், அந்த அறிகுறி இல்லாத நேரமெல்லாம் ஓய்வு. அறிகுறியே இல்லாவிட்டால் ஓய்வும் இல்லை. ஒருவன் ஒரே தோட்டாவில் ஒரு சிறு படைப்பிரிவையே நாள் முழுக்கக் குனிந்து நடக்கவைப்பது இப்படித்தான். எல்லையில் சண்டை நிறுத்தத்தை 2021 பிப்ரவரியில் இரு நாடுகளும் மறுபடி உறுதி செய்தன. உங்கள் கணவர் உடம்புக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

(இடையில் ஒன்று. ஸ்னைப்பர் என்ற சொல்லே நம் பக்கத்துக் குருவியில் இருந்து போனதுதான். ஆங்கிலத்தில் ஸ்னைப் என்றால் நம் கண்மாய்ச் சேற்றில் நிறம் தெரியாமல் பதுங்கி இருந்து, கால் வைத்ததும் வளைந்து வளைந்து பறக்குமே, அந்த உள்ளான். 18-ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த வெள்ளைக்கார அதிகாரிகள் அதைச் சுடப் போனதைச் சொல்ல வந்த வார்த்தை.)

இது பைத்தியம் இல்லை. போர், விபத்து போன்றவற்றுக்குப் பின் வரும் மனக்காயத்தின் அடையாளங்கள் உங்கள் கடிதத்தில் நிறையத் தெரிகின்றன. ஆனால் ஆளைப் பார்க்காமல் கடிதத்தை வைத்து நான் முடிவு சொல்லக் கூடாது. முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்ட அட்டை இருந்தால் மதுரையில் உள்ள அவர்களுடைய பாலிகிளினிக்கில் காட்டி மனநல மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் அரசு ராஜாஜி மருத்துவமனை மனநலப் பிரிவு. வீட்டை விட்டு வர மறுத்தால் டெலி மானஸ் 14416-க்கு போன் போடுங்கள். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். பேச்சுவழிச் சிகிச்சைதான் இதில் முக்கியம். சிலருக்கு செர்ட்ரலின் போன்ற மாத்திரை கொடுப்பார்கள், பலன் தெரியச் சில வாரம் ஆகும். மெடிக்கல் ஷாப்பில் தூக்க மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம். குடி கூடினாலோ, ‘நான் இருந்து என்ன’ என்று பேசினாலோ நாள் தள்ளாதீர்கள். செக்யூரிட்டி வேலைக்காக வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்பதை மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள்.

பாண்டி கோயிலுக்குப் போவதில் எனக்கு மறுப்பு இல்லை. மாமியார் மனமும் ஆறும். ஆனால் அன்றைக்கே ஆஸ்பத்திரி டோக்கனும் போட்டுவிடுங்கள்.

தார்ப்பாய்க்கு வருவோம். ‘அங்கே யாரும் இல்லைங்க’ என்று நீங்கள் நூறு முறை சொன்னாலும் பயன் இல்லை. யாரும் தெரியாமல் இருப்பதுதானே அவருக்கு ஆபத்தின் அடையாளம்! அதற்காக அவர் சொல்கிறார் என்று ஜன்னலையும் சாத்தி, துணியையும் உள்ளேயே காயப்போட்டுக்கொண்டு போனால் பயம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். சிகிச்சையாளர் துணையோடு அவரே அளவு வைக்கட்டும். முதலில் தார்ப்பாய் இருக்கும்போதே சாயங்காலம் நீங்கள் இருவரும் மாடியில் உட்காருங்கள். நெஞ்சு படபடக்கும். அந்த நேரத்தில் இறங்கி ஓடினால் ‘ஓடியதால் பிழைத்தேன்’ என்று உடம்பு கணக்கு வைத்துக்கொள்ளும். படபடப்பு தானாக இறங்கும் வரை இருந்துவிட்டு வர வேண்டும். அது பழகிய பிறகு ஒரு முனைக் கயிற்றை அவர் கையாலேயே ஒரு சாண் அவிழ்க்கட்டும். தைக்குள் பாதி சுருட்டினாலே பெரிய விஷயம். மீதி அப்படியே இருக்கட்டும், பந்தலுக்கு ஒரு பக்கத் தட்டி என்று வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

விசேஷத்தன்று மாடிப்படி அறையின் சுவரை ஒட்டி, படியும் கண்ணில் படுகிற மாதிரி அவருக்கு நாற்காலி போடுங்கள். போட்டோகிராபரிடம் இப்போதே பேசிவிடுங்கள்: ட்ரோன் வேண்டாம், பளிச்சென்று ஃபிளாஷ் அடிக்க வேண்டாம். தலைக்கு மேல் ஒரு பொருள் நின்று தன்னையே பார்ப்பது அவருக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அவர் அங்கே என்ன பார்த்தார், யாரையாவது சுட்டாரா என்று நீங்களாகத் தோண்டாதீர்கள். தொலைநோக்கி வழியாக எதிராளி முகத்தைப் பார்த்துவிட்டுச் சுட்டவர்களுக்கு வேறு வகைச் சுமை உண்டு. அவர் பேச வந்தால் கேளுங்கள், போதும்.

மகளிடம் உள்ளதைச் சொல்லலாம்: ‘அப்பா வேலை பார்த்த இடத்தில் மலையில் இருந்து சுடுவார்கள். லைட் போட்டால் ஆபத்து. அந்தப் பழக்கம் அப்பாவுக்கு இன்னும் போகவில்லை, டாக்டரிடம் போகப்போகிறோம். உன் மேல் கோபம் இல்லை.’ டார்ச் அடிக்க வேண்டியிருந்தால் ‘அப்பா, லைட் போடப்போறேன்’ என்று முன்கூட்டியே ஒரு குரல் கொடுக்கச் சொல்லுங்கள்.