1966 ஜிடிஓவின் டிரம் பிரேக்கை டிஸ்க்காக மாற்ற, கிட் வாங்கி மாட்டினால் போதுமா?

கேட்டது 1966 மாடல் பாண்டியாக் ஜிடிஓ கார் பற்றி. நான்கு சக்கரத்திலும் டிரம், முன்னால் மட்டும் டிஸ்க் கிட் போட்டால் வேலை முடிந்ததா என்கிறார் கேட்டவர். என்னிடம் இருப்பதும் அதே 66தான். டெட்ராய்ட் பக்கம் வேலைக்கு வந்த இடத்தில் பிடித்த பைத்தியம். டிஸ்க் போடுங்கள், தாராளமாகப் போடுங்கள். ஆனால் முதல் பணத்தை அதில் போடாதீர்கள்.

முதல் பணம், பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குத்தான். 66 வரைக்கும் ஜிடிஓவில் ஒரே அறை உள்ள மாஸ்டர் சிலிண்டர். நான்கு சக்கரத்துக்கும் அதிலிருந்துதான் பிரேக் ஆயில் போகிறது. எங்காவது ஒரு ஹோஸ் வெடித்தால் பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொள்ளும், நான்கு சக்கரமும் அம்போ. அப்புறம் பார்க்கிங் பிரேக்கும் குலதெய்வமும்தான் துணை. 67 மாடலில்தான் இரண்டு அறை வந்தது. முன்சக்கரத்துக்கு ஒன்று, பின்சக்கரத்துக்கு ஒன்று. ஒரு பக்கம் போனாலும் மறுபக்கம் ஓரளவாவது பிடிக்கும். முன் டிஸ்க்கும் அதே 67-ல்தான் ஆப்ஷனாக வந்தது. ஒரு வருஷம் முந்திப் பிறந்த பாவத்துக்கு நம் வண்டிக்கு இரண்டுமே இல்லை.

அடுத்தது ரப்பர் ஹோஸ். என் வண்டியில் கழற்றிய முன் ஹோஸ் வெளியே பளபளவென்றுதான் இருந்தது. சந்தேகத்தில் கத்தியால் குறுக்கே வெட்டிப் பார்த்தேன். உள்ளே ரப்பர் ஊதிப்போய், நடுவில் குண்டூசி நுழையும் அளவுதான் துளை. காலால் மிதிக்கும் அழுத்தத்துக்கு ஆயில் எப்படியோ உள்ளே போய்விடும், திரும்பி வரத்தான் மாட்டேன் என்கும். வண்டி ஒரு பக்கமாக இழுத்ததன் காரணம் அதுவரை எனக்குப் புரியவில்லை. மூன்று ஹோஸையும் மாற்றினேன், துருப்பிடித்த இரும்புக் குழாய்களையும் சேர்த்து.

இனி டிஸ்க். நம் வண்டியின் டிரம் 9.5 அங்குலம். 6.4 லிட்டர் எஞ்சின், 335 குதிரைத் திறன், ஒன்றரை டன்னுக்கு மேல் எடை. இதை நிறுத்த அந்த டிரம்மைக் கொடுத்தவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்! முதல் தடவை மிதிக்கும்போது நன்றாகவே பிடிக்கும், ஏனென்றால் சுழலும் டிரம்மே உள்ளே உரசும் ஷூவை இழுத்துக்கொண்டு தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளும். இரண்டு மூன்று முறை வேகத்திலிருந்து அடித்து நிறுத்தினால் டிரம் சூடாகி விரியும், ஷூவை விட்டு விலகும், ஷூ மேலுள்ள லைனிங்கின் பிடிப்பும் குறையும். கால் ஆழமாகப் போய்க்கொண்டே இருக்கும், வண்டி நிற்காது. டிஸ்க் திறந்த வெளியில் இருப்பதால் சீக்கிரம் ஆறும். சூட்டில் தடித்தாலும், இரு பக்கமும் அதைக் கவ்விப் பிடிக்கும் பேடை நோக்கித்தான் வரும்.

ஆனால் டிஸ்க்குக்கு அந்தத் தானே இறுக்கிக்கொள்ளும் குணம் கிடையாது, அழுத்தம் அதிகம் வேண்டும். அதனால்தான் எஞ்சினின் வேக்குவத்தால் காலுக்கு வலு சேர்க்கும் பூஸ்டரும் கிட்டோடு வருகிறது. பூஸ்டர் போட்டால் பெடலில் கம்பி மாட்டும் துளையையும் மாற்ற வேண்டும்: மேல் துளை பூஸ்டர் இல்லாத பிரேக்குக்கு, கீழ்த் துளை பூஸ்டருக்கு. எஞ்சினில் வால்வுகளைத் திறக்கும் கேம் பெரியதாகப் போட்டு, ஐடிலில் வண்டி குலுங்கிக்கொண்டு நிற்கிறதா? பூஸ்டர் வாங்குவதற்கு முன்னால் ஒரு வேக்குவம் கேஜ் வைத்துப் பாருங்கள். பாதரச அளவில் 18 அங்குலம் வந்தால் நிம்மதி. அதற்கு ரொம்பக் கீழே என்றால், சிக்னலில் நிற்கும்போது கல்லை மிதிப்பது போல இருக்கும்.

டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரையே வைத்துக்கொண்டு டிஸ்க் மாட்டவும் கூடாது. அதில் குழாய்க்குள் சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தை நிறுத்தி வைக்கும் வால்வு இருக்கும். டிரம்முக்கு அது தேவை. டிஸ்க்கில் அதுவே பேடைத் தேய்த்துக்கொண்டே இருக்க வைக்கும். பின்சக்கரத்துக்குப் போகும் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வும் கட்டாயம், இல்லையென்றால் மழையில் அடித்து மிதித்தால் பின்பக்கம் முதலில் பூட்டி வண்டி சுழன்றுவிடும்.

இவ்வளவும் தெரிந்து, எல்லாம் புதிதாகப் போட்டு, நான் மாட்டிக்கொண்ட இடம் வேறு. முதல் ஞாயிற்றுக்கிழமை உட்வர்ட் அவென்யூவில் ஓட்டிக்கொண்டு போனேன். நாலைந்து சிக்னல் தாண்டியதும் வண்டி சேற்றில் போவது போல இழுத்தது. ஓரம் கட்டி இறங்கினால் முன்சக்கரத்தில் கருகல் நாற்றம், கை வைக்க முடியவில்லை. பேடை அழுத்தும் காலிபர்தான் மட்டம் என்று கிட் விற்ற கடையைத் திட்டினேன். சரி, ஒன்று செய்து பார்ப்போம் என்று பூஸ்டரோடு மாஸ்டர் சிலிண்டரைப் பிடித்திருக்கும் இரண்டு நட்டையும் ஸ்பேனரால் கொஞ்சம் தளர்த்தினேன். சிலிண்டர் ஒரு நூல் முன்னால் நகர்ந்தது. சக்கரம் உடனே விட்டுவிட்டது. பூஸ்டருக்குள்ளிருந்து வரும் தள்ளுகம்பி நீளமாக இருந்திருக்கிறது. பிஸ்டன் முழுக்கப் பின்னால் வராமல், ஆயில் திரும்பும் துளையை மூடிக்கொண்டு நின்றிருக்கிறது. ஆயில் சூடாகி விரிய, பிரேக் தானாகவே பிடித்திருக்கிறது. வீட்டுக்கு வந்து கம்பியின் முனையைத் திருகி, அரை மில்லிமீட்டர் இடைவெளி விட்டதும் தீர்ந்தது. காலிபர் மேல் தப்பே இல்லை.

சில்லறை விஷயங்கள்: பழைய டிரம்மைக் கழற்றும்போது தூசியை ஏர் அடித்து ஊதாதீர்கள், அந்தக் கால லைனிங்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) உண்டு. மாஸ்டர் சிலிண்டரை வண்டியில் ஏற்றும் முன்பே வைஸில் பிடித்து உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றிவிடுங்கள். அப்புறம் சக்கரங்களிலும் காற்றை எடுக்க, சிலிண்டருக்குத் தூரத்துச் சக்கரத்திலிருந்து, வலது பின், இடது பின், வலது முன், இடது முன் என்று வாருங்கள். வண்டியில் 14 அங்குல பழைய ரிம்தான் என்றால், அது காலிபரில் இடிக்குமா என்று கிட் ஆர்டர் செய்யும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பின்னாலும் டிஸ்க் வேண்டுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். நான் போடவில்லை. நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்சக்கரத்தினுடையது, பின் டிரம் இன்னும் ஒழுங்காகப் பிடிக்கிறது, பார்க்கிங் பிரேக்கும் அதிலேயே கேபிளோடு சும்மா வேலை செய்கிறது.