கூடப் போவது

அன்புள்ள ஐயா,

உங்கள் கட்டுரைகளைச் சில ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். இது இலக்கியக் கேள்வி அல்ல. பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

ஜூன் 2-ஆம் தேதி பள்ளி திறக்கிறது. இன்னும் பத்து நாள்தான். மகள் ஏழாம் வகுப்புக்குப் போகிறாள், மகன் மூன்றாம் வகுப்புக்கு. எனக்கு அலுவலகத்தில் விடுப்பு கிடைக்கவில்லை. கணவர் கடை வைத்திருக்கிறார், ஞாயிறு மட்டும் ஓய்வு. கொடைக்கானல் போகலாம் என்று ஏப்ரலிலிருந்து பேசியதோடு சரி. இ-பாஸ், அறை வாடகை என்று ஒவ்வொன்றாக யோசித்து விட்டுவிட்டோம். எதிர்வீட்டுப் பிள்ளைகள் கூர்க் போய் வந்துவிட்டார்கள். "நாம் மட்டும் ஏன் எங்கேயுமே போகவில்லை?" என்று மகன் கேட்டபோது சட்டென்று கண் கலங்கிவிட்டது. பகல் முழுவதும் செல்போன், இல்லாவிட்டால் டிவி. மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். "எங்கள் காலத்தில் பிள்ளைகள் வீட்டில் தங்கவே மாட்டார்கள்" என்று அவர் சொல்லும்போதெல்லாம் என்னைச் சொல்வதாகவே படுகிறது. ஒரு விடுமுறையை வீணாக்கிவிட்டேனா? இந்தப் பத்து நாளில் என்ன செய்துவிட முடியும்?

ச.,
மதுரை
23.05.2025

அன்புள்ள ச.,

நீங்கள் எழுதியபோது பத்து நாள். நான் பதில் எழுத உட்காரும்போது எட்டாகிவிட்டது. நேற்று கேரளத்தில் பருவமழை தொடங்கிவிட்டதாக அறிவித்துவிட்டார்கள். வழக்கமாக ஜூன் 1 வாக்கில் வருவது, இம்முறை எட்டு நாள் முந்திக்கொண்டது. கத்திரிக்கு 28 வரை கணக்கு இருக்கிறது, அதற்குள் மழை வந்து நிற்கிறது. பள்ளித் திறப்பு தள்ளிப்போகும் என்று உங்கள் மகன் இந்நேரம் டிவி முன்னால் தவம் கிடப்பான். அவனைக் குறை சொல்ல முடியாது. 2023-இல் ஜூன் 1 என்று சொல்லி, 7 ஆக்கி, பிறகு 12-க்குக் கொண்டுபோனார்கள். 2024-இல் 6 என்றது 10 ஆனது. அதெல்லாம் வெயிலுக்காக. இம்முறை வானமே அவனுக்கு எதிராக இருக்கிறது.

கொடைக்கானலை முதலில் முடித்துவிடுவோம். போகாததே நல்லது என்று ஆறுதல் சொல்ல மாட்டேன். நல்ல ஊர், வாய்த்தால் போக வேண்டியதுதான். ஆனால் இந்த ஏப்ரலிலிருந்து அங்கே வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகளுக்குத்தான் அனுமதி என்று உயர் நீதிமன்றம் கணக்கு வைக்கும்படி ஆகியிருக்கிறது என்றால், மே மாதத்தில் அந்த மலைப்பாதை எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை, வெள்ளி அருவிக்குக் கொஞ்சம் கீழே, காருக்குள் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பேரனுக்கு அந்தப் பயணத்தில் இன்றுவரை நினைவிருப்பது முன்னால் நின்ற வேனின் பின்கண்ணாடியில் எழுதியிருந்த வாசகம் மட்டும்தான்.

இப்போது உங்கள் மாமியார் சொன்னது. அவர் சொல்வது உண்மை. ஆனால் முழு உண்மை இல்லை.

எழுபதுகளில், திருச்செந்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வளர்ந்தவன் நான். எங்கள் விடுமுறைக்கென்று யாரும் எதையும் ஏற்பாடு செய்ததாக நினைவே இல்லை. சித்தப்பா பனங்காட்டுக்குப் போவார், நாங்கள் கூடப் போவோம். ஆச்சி வெளுக்கப் போட்ட துணியை எடுக்க வாய்க்காலுக்குப் போவாள், கூடப் போவோம். அவர்களுக்கு வேலை இருந்தது. நாங்கள் அந்த வேலைக்கு ஓர் இடைஞ்சல், அவ்வளவுதான்.

பனங்காட்டை மட்டும் கொஞ்சம் சொல்கிறேன். எல்லாப் பனையிலும் நுங்கு இருக்காது. காய்ப்பது பெண் பனை மட்டும். ஆண் பனையைச் சித்தப்பா அலகுப்பனை என்பார், பெண்ணைப் பருவப்பனை என்பார். நிமிர்ந்து பார்த்து எது எது என்று சொல்லிவிட்டால் முதல் காய் நமக்கு. குலை பொத்தென்று விழும். அரிவாளால் காயின் தலையைச் சீவினால் மூன்று கண் தெரியும். சில காயில் இரண்டுதான் இருக்கும், அது யார் கைக்கு வருகிறதோ அவன் அன்றைக்குத் துரதிர்ஷ்டசாலி. கட்டைவிரலை உள்ளே விட்டு நெம்ப வேண்டும். அவசரப்பட்டால் நீர் முகத்தில் பீச்சியடிக்கும். முற்றிய காய் என்றால் தேங்காய்ப் பருப்பு மாதிரி கடிக்க வேண்டியிருக்கும், வயிறு வலிக்கும் என்று சித்தப்பா தூக்கி எறிந்துவிடுவார். அதையும் பொறுக்கித் தின்று, வயிறு வலித்துக்கொண்டே வீட்டுக்கு வருவோம். குடித்துப்போட்ட இரண்டு காய்களைக் குச்சியில் கோத்து, கவட்டைக் கம்பால் தள்ளிக்கொண்டு வந்தால் அது வண்டி. சட்டையில் பட்ட கறை அந்தச் சட்டை கிழியும் வரைக்கும் போகாது.

இது அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் என் அக்காக்கள் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? அவர்களுக்கு விடுமுறை என்றால் பள்ளிக்கூடத்திலிருந்து அடுப்படிக்கு மாற்றல். நாங்கள் நுங்கு தின்றுகொண்டிருந்தபோது அவர்கள் கூழ்வற்றலுக்குக் காக்கை விரட்டிக்கொண்டிருந்தார்கள். பல நாள் பெரியவர்களுக்கு நாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாது. அதைச் சுதந்திரம் என்று இன்று எழுதுகிறோம். எங்கள் தெருவில் ஒரு பையன் குளத்திலிருந்து திரும்பி வரவில்லை. எனவே உங்கள் மாமியாரின் காலத்தை அப்படியே திரும்பக் கொண்டுவர வேண்டியதில்லை. அதிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: பிள்ளைகளுக்காக எங்கேயும் போகாதீர்கள், நீங்கள் போகும் இடத்துக்கு அவர்களை இழுத்துக்கொண்டு போங்கள். ஏழாம் வகுப்புப் பெண்ணைக் கட்டாயம். தம்பியை அழைத்துப் போய்விட்டு அவளைப் பாட்டிக்குத் துணையாக வீட்டில் நிறுத்துவது எவ்வளவு எளிதாக நடந்துவிடும் என்பது உங்களுக்கே தெரியும்.

விடுப்பே எடுக்க வேண்டாம். காலையில் அலுவலகம் போவதற்கு முன்பும், சாயங்காலம் வந்த பிறகும் போதும். இப்போது சூரியன் மறைய ஆறரைக்கு மேல் ஆகிறது.

ஒரு நாள் விடிவதற்கு முன் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போங்கள். வீட்டுக்கு எப்படியும் பூ வாங்கத்தானே வேண்டும். மல்லிகை கோடையில் நன்றாக வரத்து இருக்கும். சாக்கை அவிழ்த்துக் கொட்டும்போது எழும் மணத்துக்கு உங்கள் மகன் முதலில் தும்முவான். காலையில் ஒரு விலை, வெயில் ஏற ஏற வேறு விலை என்பதை மகள் தானாகவே கண்டுபிடிப்பாள். வரும் வழியில் கல்லாமை மாம்பழம் நாலு. அதன் தோலைச் சீவாமல் கடித்துச் சாப்பிட அனுமதியுங்கள், சட்டையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

இரவு மொட்டை மாடி. ஏழு மணிக்கே நாலு வாளித் தண்ணீர் கொட்ட வேண்டும். காலை வைத்தால் சுடும் தரையில் முதல் வாளி உஸ்ஸென்று ஆவியாகப் போய்விடும், மூன்றாவது வாளிக்குத்தான் தரை இறங்கி வரும். அந்த வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். தண்ணீர் பாதி தங்கள் மேல்தான் கொட்டிக்கொள்வார்கள், அதற்காகத்தான் சொல்கிறேன். நாளையும் நாளை மறுநாளும் அமாவாசையை ஒட்டிய இருட்டு. மேகம் வழிவிட்டால் எட்டரை, ஒன்பது மணிக்குத் தெற்கே பாருங்கள். கையை நீட்டி ஒரு சாண் பிடித்தால், அடிவானத்திலிருந்து அந்த உயரத்தில் நாலு நட்சத்திரம் பட்டம் போல நிற்கும். அதுதான் தென் சிலுவை. ஐரோப்பாவில் இருப்பவர்கள் இதைப் பார்க்கக் கப்பலேறி வர வேண்டியிருந்தது, நமக்கு மொட்டை மாடி ஏறினால் போதும். தலைக்கு மேலே சற்றுத் தெற்கில் வெள்ளையாக மினுங்குவது சித்திரை, தென்கிழக்கில் சிவப்பாக இருப்பது கேட்டை. உங்கள் மாமியாரின் நட்சத்திரம் என்ன என்று கேளுங்கள். பிறந்த நட்சத்திரத்தை வாழ்நாள் முழுவதும் அர்ச்சனைக்குச் சொல்லிவிட்டு, வானத்தில் அது எங்கே இருக்கிறது என்று ஒருமுறைகூடப் பார்க்காதவர்கள்தான் நம்மில் அதிகம். நானும் ஐம்பது வயது வரை பார்த்ததில்லை.

அப்புறம் ஞாயிறு. கணவருக்கு ஓய்வு என்கிறீர்கள். ஜூன் 1 ஞாயிற்றுக்கிழமைதான். நோட்டுகளுக்கு அட்டை போடும் வேலையை சனிக்கிழமையே முடித்துவிட்டு, சாயங்காலம் கீழக்குயில்குடிக்குப் போங்கள். நாகமலைப் புதுக்கோட்டைக்குப் பக்கம். சமணர் மலை என்றால் யாரும் வழி சொல்வார்கள். அடிவாரத்தில் தாமரைக் குளம், அய்யனார் கோவில், பெரிய ஆலமரம். ஐந்து மணிக்கு முன்னால் ஏற வேண்டாம், பாறை பகலெல்லாம் வாங்கிய சூட்டைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும். பாறையில் வெட்டிய படிகளில் ஏறினால் பேச்சிப்பள்ளம். பாறைச் சுவரில் வரிசையாகச் சமண சமயத்தின் குருமார்களான தீர்த்தங்கரர்கள். கீழே வட்டெழுத்து, அந்தக் காலத்தில் தமிழை எழுதிய எழுத்து. ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட எழுத்து. மகளிடம் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து, கண்ணால் பார்த்து நாலு எழுத்தை வரையச் சொல்லுங்கள். தொடக்கூடாது, சுரண்டக்கூடாது. தலைக்கு மேல் பாம்பு படமெடுத்து நிற்கும் உருவத்தின் முன்னால் மகன் நின்றுவிடுவான். அவர் பார்சுவநாதர். கதை தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிடுங்கள், அவனே ஒன்று உண்டாக்கிக்கொள்வான்.

குளத்தில் மட்டும் இறங்க விடாதீர்கள். ஆழம் தெரியாத தண்ணீர் எங்கிருந்தாலும் அப்படித்தான். ஒவ்வொரு மே மாதமும் செய்தித்தாளில் இது வந்துகொண்டேயிருக்கிறது.

மாமியாரையும் அழைத்துப் போங்கள். அவர் ஏற மாட்டார், முழங்கால் விடாது. ஆலமரத்தடியில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் ஏறுங்கள். மேலே பாம்பைப் பார்த்துவிட்டு வருகிறவனுக்கு, கீழே ஓடிவந்து சொல்வதற்கு ஓர் ஆள் வேண்டும். செல்போனை அவர் பையில் போட்டுவிடலாம்.

தண்ணீர் இரண்டு பாட்டிலாவது எடுத்துக்கொள்ளுங்கள். மேலே ஒன்றும் கிடைக்காது.

அன்புடன்,
25.05.2025