போர் போடட்டுமா, தைலமரம் வைக்கட்டுமா?

கேள்வி: மூலனூர்ப் பக்கம் எட்டு ஏக்கருங்க. நாலு தென்னை, நாலு கொறங்காடு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காடு. எங்களுக்கு மேக்கால இருந்த கொறங்காடு பூராவும் வீட்டு சைட்டு ஆயிருச்சு. ஐப்பசி மழைக்குப் பள்ளத்துல செந்தண்ணி பொரண்டு வருது, மூணு மணி நேரத்துல வடிஞ்சுருது. முந்தி மாசி வரைக்கும் தாங்குன கிணறு, இப்ப மார்கழியிலயே காத்து வாங்குது. 1,000 அடி போர் போடலாமுங்களா? கொறங்காட்டை ஓட்டிட்டுத் தைலமரம் வைக்கச் சொல்றாங்க, வைக்கலாமுங்களா?

பதில்: ரெண்டும் வேண்டாம் தம்பி.

நம்ம பக்கம் தண்ணியைப் பிடிச்சு வைக்கிறது மேலாப்புல இருக்கிற இத்துப்போன பாறைதான். அதுக்குக் கீழே வெடிப்பு இருந்தாத்தான் தண்ணி. அந்த வெடிப்புக்கும் மேலே இருந்துதான் இறங்கணும். தேங்காயை உருட்டிப் பாயிண்ட் காட்டுறவருக்கு, தண்ணி வராம வெறும் புகை வந்தாலும் கூலி உண்டு. போர் ஏஜென்ட்டுக்கு அடிக்கணக்கு. கடன் மட்டும் உங்க பேர்ல.

நீங்க கேட்டிருக்க வேண்டியது, என் காட்டுல விழுற மழை எங்கே போகுதுன்னு. ஒரு அங்குல மழைக்கு ஏக்கருக்கு ஒரு லட்சம் லிட்டர். உங்க கொறங்காட்டுக்கு மட்டும் நாலு லட்சம்; 12,000 லிட்டர் லாரியில 33 நடை. சைட்டுல விழுந்தது தார்ரோட்டைப் பிடிச்சு அமராவதிக்குப் போயிரும், அது உங்க கையில இல்லை. இந்த 33 நடை உங்க கையில இருக்கு.

அடுத்த மழை விட்டதும் கடப்பாறையோட போங்க. கொழுக்கட்டைப்புல் தூரை நெம்புனா வேரோட ஈரம் இறங்கியிருக்கும். ரோட்டவேட்டர் ஓட்டி வெறுமனே கிடக்கிற காட்டுல, பால் ஆடை மாதிரி ஒரு பொருக்கு. அதை உடைச்சா விரக்கடை ஆழத்துல புழுதி. மூடாத செம்மண்ணுல மழைத்துளி அடிச்சா, சன்ன மண்ணே துவாரத்தை அடைச்சுரும். அப்புறம் அதுவும் ஒரு தார்ரோடுதான்.

எனக்கு வேலிச்செடி கிளுவை மேல பைத்தியம்னு சிரிப்பாங்க, சிரிக்கட்டும். பழைய கிளுவை வேலியோட அடியைப் பார்த்திருக்கீங்களா? சருகும் மண்ணும் ஒதுங்கி ஒதுங்கி மேடு கட்டியிருக்கும். காசில்லாம வளர்ந்த வரப்பு அது. வர்ற தண்ணி அங்கே நின்னு, யோசிச்சுத்தான் போகும். கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்தவங்க காட்டுல தண்ணிக்கு என்ன தடை? ஜேசிபிக்காரர் அரை நாள்ல பிடுங்கிப் போடுற வேலி உங்க தாத்தா காலத்துது. சந்து விழுந்த இடத்துல மழைக்கு முன்னாடி கிளுவைக் கிளையை வெட்டிப் போத்து ஊனுங்க. வெள்வேல் மரத்தைத் தொடாதீங்க.

தைலமரத்துக்குத் தண்ணியே வேண்டாம்னு நர்சரிக்காரர் சொல்லியிருப்பார். நீங்க பாய்ச்ச வேண்டாம், அவ்வளவுதான், அதுவே எடுத்துக்கும். நீலகிரி கிளென்மார்கன்ல புல்வெளியில தைலமரம் வச்சு அளந்து பார்த்தாங்க. முதல் பத்து வருசத்துலயே ஓடைத்தண்ணி 16 சதவீதம் குறைஞ்சது. மழை கொட்டுற மலையிலயே அந்தக் கதி.

இன்னொண்ணு. பள்ளத்துச் செந்தண்ணியை நேரா கிணத்துக்குத் திருப்பி விடலாம்னு யாராவது யோசனை சொல்வாங்க. விட்டீங்கன்னா வண்டல் ஊத்துக்கண்ணை அடைச்சுரும். கிணத்துக்கு மேக்கால ஒரு குழி வெட்டி அதுல நிறுத்துங்க, தெளிஞ்சு தானா இறங்கட்டும். குழி மண்ணை உங்க வேலியோரமே போடுங்க, டிப்பர்காரர் கேட்டாலும் குடுக்காதீங்க.